இல்லாத கயிறு

பாறை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபோது கொலோமாவின் கண் முதலில் தரையைத்தான் தேடியது. பல வருஷப் பழக்கம். ஏறுவதற்கு முன்னால் கீழே ஒரு முறை பார்த்துக்கொள்வாள். கயிற்றுப் பை, தண்ணீர் பாட்டில்கள், கயிற்றின் மறு நுனியை இடுப்பில் மாட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்கும் கணவன் மசியா. இன்றைக்குக் கீழே அவை எதுவும் இல்லை. பச்சையும் நீலமுமான தண்ணீர் மட்டும் மெதுவாக மேலெழும்பி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது, தூங்குகிற ஒரு பெரிய மிருகத்தின் விலாவைப் போல.

"என்ன, மீனை எண்ணிக்கிட்டிருக்கியா?" என்றாள் தோனினா. இங்கா நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் கொலோமாவோடு வேலை பார்ப்பவள். ஆனால் பிறந்து வளர்ந்தது இந்தக் கடற்கரையில். நீச்சலுடைக்கு மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஏறும் காலணிகள் இரண்டு ஜோடியை முட்புதரில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று நனைந்தால் மற்றொன்று.

"ஆழம் எவ்வளவு இருக்கும்னு பாத்தேன்."

"பெர்னாத் போன வாரம் மூச்சடக்கிப் போய்ப் பாத்தான். அடியைத் தொட முடியல. தொட்டேன்னு பொய் சொன்னான்."

"தொட்டேன்," என்றான் அவள் கணவன் பெர்னாத், ரொட்டித் துண்டின் மேல் தக்காளியைத் தேய்த்தபடி. "கையில மண்ணுகூட இருந்துச்சு."

"அது நகத்துல எப்பவும் இருக்கிற மண்ணு."

அந்த விளிம்பை ஒட்டியிருந்த குகைக்கு, பாறை ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் அடுப்பு. ரொட்டி சுடுகிற அடுப்பின் உட்கூடு எப்படி வளைந்து தலைக்கு மேலே கவிந்து நிற்குமோ, அப்படித்தான் கடல் அந்தச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வைத்திருந்தது. காலை வெயில் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எகிறி, கூரை முழுக்க வெளிச்ச வலையாக அசைந்தது. பாறை அசைகிறதா, வெளிச்சம் அசைகிறதா என்று ஒரு கணம் கொலோமாவால் சொல்ல முடியவில்லை. கயிறில்லாமல் கடலுக்கு மேலே ஏறுவது, விழுந்தால் தண்ணீர். இவ்வளவுதான் அந்த விளையாட்டு. மயோர்க்காத் தீவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கொலோமா தீவின் நடுவில் பிறந்தவள். பாதாம் தோப்புகளுக்கும் கல் சுவர்களுக்கும் நடுவில். அவளுடைய ஊர்க்காரர்களுக்குக் கடல் என்பது ஆகஸ்டில் ஒரு வாரம் போய்விட்டு வருகிற இடம். அவள் ஏறியதெல்லாம் மலையில்.

மசியா எல்லோருக்கும் பின்னால், ஒரு கையால் புதரைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்தான். மின்வேலை செய்கிறவன். ஆகஸ்டில் ஏணி சரிந்து தோள்பட்டை பிசகியது. இன்னும் ஏறக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். "நான் சும்மா பாக்கத்தான் வர்றேன்," என்று காலையில் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் வீட்டு விருந்தில் யாரோ அவள் சா குபியா பள்ளத்தாக்கில் ஏறி முடித்த ஒரு கடினமான சுவரைப் பற்றிப் பேசினார்கள். "இந்த வயசுல, எப்படிம்மா!" என்றார்கள். மசியா ஒயின் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதுல பாதி நான் கீழேயிருந்து இழுத்தது." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து காதணியைக் கழற்றும்போதுதான் அந்த வாக்கியம் திரும்பி வந்தது. அப்புறம் அது போகவே இல்லை. அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் போகவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் பொய் என்று தள்ளிவிடலாம். அவர்கள் ஏறுகிற முறை அப்படி. அவன் முதலில் ஏறி, கயிற்றை மேலே இரும்பு வளையத்தில் கோத்துவிட்டு இறங்குவான். பிறகு அவள் ஏறுவாள், மேலேயிருந்து தொங்கும் கயிற்றில். அவன் கீழே நின்று, அவள் ஏற ஏறத் தளர்வை இழுத்துக்கொண்டே இருப்பான். கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கும். முடியாது என்று தோன்றும்போது "பிடிச்சுக்கோ!" என்று கத்துவாள். அவன் சட்டென்று பின்னால் சாய்ந்து உட்காருவான். அவள் விழவே மாட்டாள். இருந்த இடத்திலேயே, நாற்காலியில் உட்காருவதுபோல, காற்றில் உட்காருவாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. மற்றவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

பாதி என்றால் எந்தப் பாதி? கால் வழுக்கிய இடத்திலா? கை எட்டாது என்று நினைத்து எட்டிவிட்ட இடத்திலா? அந்தச் சந்தோஷங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் கண்ணைச் சோதிக்கும்போது தினமும் அவள் கேட்கிற கேள்வி: "எது தெளிவா இருக்கு? இதுவா, இதுவா?" சிலர் பரீட்சையில் மாட்டிக்கொண்டவர்கள்போலத் திணறி, "நீங்களே சொல்லுங்க," என்பார்கள். அவர்களுடைய கண்ணால் பார்ப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் கேட்பார்கள். இப்போது அவள் அப்படித்தான் இருந்தாள். தன் கைகளால் ஏறியது எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் தோனினாவிடம், "என்னையும் அந்த அடுப்புக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள். தோனினா காரணம் கேட்கவில்லை.

*

முதல் தடவை வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் குதித்தாக வேண்டும். அங்கே அது வழக்கம்.

"விழப்போற உயரத்தை உடம்புக்கு முதல்லயே காட்டிடணும்," என்றாள் தோனினா. "இல்லேன்னா மேல போனப்புறம் அது உன்னைக் கேள்வி கேட்கும். ஆணி மாதிரி போகணும், சரியா? காலைச் சேத்து வச்சுக்கோ. கையை உடம்போட ஒட்டிக்கோ. கீழ பாக்காதே, நேரா பாரு."

"உட்கார்ந்துட்டா?"

"உட்கார்ந்தா தண்ணி அறையும். பெர்னாத்தைக் கேளு, ஒரு தடவை ஒரு வாரம் நின்னுக்கிட்டே சாப்பிட்டான்."

"கல்யாணச் சாப்பாடு அது," என்றான் பெர்னாத். "என் தம்பி கல்யாணம். கோயில்லயும் நின்னேன், விருந்துலயும் நின்னேன். பக்தின்னு நெனச்சுட்டாங்க."

மசியா சிரிக்கவில்லை. விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான். "கொலோமா, நெஜமாத்தானா?" என்றான்.

"நெஜமாத்தான்."

குதித்தாள். காற்று காதுகளில் ஒரு துணியைக் கிழிப்பதுபோல ஒலித்தது. பிறகு எல்லா ஒலியும் ஒரேயடியாக நின்றது.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாள். அக்டோபர் கடல் வெதுவெதுப்பாக இருந்தது. எதிரே பாறை இருந்தது. அது தண்ணீர் மட்டத்தில் முடியவில்லை. கீழே, இன்னும் கீழே, நீலத்தில், பிறகு கறுநீலத்தில் இறங்கிக்கொண்டே போனது. மேலே தான் இவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தது அதன் ஒரு நுனி மட்டும்தான் என்று அவளுக்குப் புரிந்தது. பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று. யாரும் இல்லையென்று நினைத்து ஒரு பெரிய கோயிலுக்குள் நுழைந்து, உள்ளே ஆயிரம் பேர் மௌனமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால் எப்படி இருக்கும், அப்படி. மூச்சு முட்டும்வரை அங்கேயே இருந்தாள்.

மீனவர்கள் எப்போதோ பாறையில் அடித்து வைத்த இரும்புப் படிகளைப் பிடித்து மேலே ஏறி வந்தவள் ஒரு தடவை திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் தோனினா.

"கீழயும் மலை இருக்கு," என்றாள் கொலோமா.

தோனினா துண்டை அவள் தோளில் போட்டாள். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைப் பாக்கிறதே இல்ல," என்றாள்.

*

உலர்ந்த காலணிகளை மாட்டிக்கொண்டு, கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, விளிம்பிலிருந்து பக்கவாட்டில் குகைக்குள் நகர ஆரம்பித்தாள். முதல் சில நகர்வுகள் சுலபம். கைக்குப் பெரிய பிடிமானங்கள். ஆனால் இடுப்பு விசித்திரமாக இருந்தது. எப்போதும் அங்கே ஒரு சிறிய இழுப்பு இருக்கும். யாரோ பாவாடை நுனியைப் பற்றிக்கொண்டிருப்பதுபோல. இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. எடை குறைந்ததுபோலவும் இருந்தது, எடை கூடியதுபோலவும் இருந்தது. கால் கட்டைவிரலில் தன் முழு உடம்பும் நிற்பதை உணர்ந்தாள். இவ்வளவு கனமாகவா இருக்கிறேன் என்று நினைத்தாள். அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"வலது பக்கம் ஒரு தூண் தொங்குது பாரு, அதைக் கட்டிப் பிடிச்சுக்கோ!" என்று பெர்னாத் கத்தினான்.

"அவளே பாத்துப்பா, நீ ரொட்டியைத் தின்னு," என்றாள் தோனினா.

தூணைக் கட்டிப் பிடித்தாள். குளிர்ந்து, வழவழப்பாக, ஒரு பசுவின் கழுத்தைப் போல இருந்தது. அதற்கு மேலே சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கியது. பிதுக்கத்தைத் தாண்டி இடது கையை எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்க வேண்டும். கையை நீட்டினாள். வெறும் பாறை. இன்னும் நீட்டினாள். கால் ஒரு மயிரிழை நழுவியது.

"பிடிச்சுக்கோ!"

தன் குரலை அவள் கேட்டாள். கேட்டபோது கைகள் ஏற்கெனவே விட்டிருந்தன. உடம்பு, இத்தனை வருஷமாகச் செய்ததுபோலவே, காலை முன்னால் நீட்டி, வசதியாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது.

அங்கே ஒன்றுமில்லை.

தண்ணீர் அவளை அறைந்தது. தொடையிலும் முதுகிலும் ஒரே நேரத்தில், பலகையால் அடித்ததுபோல. மூக்கு வழியாக உப்பு ஏறியது. மேலே வந்து இருமி, கண்ணைத் துடைத்தபோது, விளிம்பில் யாரும் அவளைப் பார்க்கவில்லை என்பதுதான் முதலில் தெரிந்தது. பெர்னாத் தரையில் உருண்டுகொண்டிருந்தான். தோனினா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நடுவில், கூர்மையான பாறைமேல், மசியா உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் முஷ்டியாக இறுகி, இல்லாத ஒரு கயிற்றைப் பற்றியிருந்தன. முகம் வலியில் வெளுத்திருந்தது.

"உட்கார்ந்துட்டாண்டி!" பெர்னாத்துக்குப் பேச்சு வரவில்லை. "இவ மேல கத்தினா... இவன் இங்க... தொபுக்குன்னு!"

"கத்தினாளே!" என்றான் மசியா. "பிடிச்சுக்கோன்னு கத்தினாளே!"

"எதைடா பிடிச்சே? காத்தையா?"

"பேன்ட் கிழிஞ்சிருச்சா பாரு."

"பேன்ட் பரவாயில்ல. உள்ளதான் கிழிஞ்சிருக்கு. எழுந்து திரும்பு, தோனினா நீ பாக்காதே, நான் பாக்கிறேன். ஐயோ! இன்னிக்கு ராத்திரி நீயும் நின்னுக்கிட்டே சாப்பிடு!"

தண்ணீரில் மிதந்தபடி கொலோமாவும் சிரித்தாள். தொடை எரிந்தது, சிரிக்கச் சிரிக்க உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. இந்தத் தீவில், இந்த உலகத்தில், இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள், அதுவும் பல வருஷம் ஒரே கயிற்றில் இருந்த இரண்டு பேர். ஒருத்தி இல்லாத கயிற்றில் உட்கார, ஒருவன் இல்லாத கயிற்றை இழுக்க.

சிரிப்பு அடங்கியதும், படிகளை நோக்கி நீந்தும்போது, அவள் நின்றுவிட்டாள். ஒரு கையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி விரல்களை மடக்கினாள். விரித்தாள். முன்கையை அழுத்திப் பார்த்தாள்.

சோர்வே இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

*

தோனினா ஏறப் போய்விட்டாள். பெர்னாத் மறு முனையில் உட்கார்ந்து அவளுக்குத் தேவையில்லாத யோசனைகளைக் கத்திக்கொண்டிருந்தான். கொலோமா துண்டைப் போர்த்திக்கொண்டு மசியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு தொடையில் மட்டும் எடையை வைத்திருந்தான். அத்திப்பழத்தைப் பிளந்து பாதியை அவளிடம் நீட்டினான்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள்.

"உனக்கு?"

"எரியுது."

கொஞ்ச நேரம் இருவரும் தின்றார்கள்.

"ஜூலைல ஒண்ணு சொன்னே," என்றாள் அவள். "விருந்துல. சா குபியால நான் ஏறினதுல பாதி நீ இழுத்ததுன்னு."

"நானா? எப்ப?"

"சொன்னே."

அவன் யோசித்தான். அவனுக்கு நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மூன்று மாதமாக அவள் சுமந்துகொண்டு திரிந்ததை அவன் அந்த மேஜையிலேயே, கோப்பையோடு வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறான்.

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன்."

"தெரியும். ஆனா நெஜமா? இழுத்திருக்கியா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அதற்காக அவனை அவளுக்குப் பிடித்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இழுத்திருக்கேன்," என்றான். "சில சமயம். நீ கேட்காமலே."

"எவ்வளவு?"

"அது எப்படிச் சொல்றது? உன் கால் நடுங்கறதைப் பாத்தா கை தானா இழுக்கும். நான் இழுக்கணும்னு நெனச்சு இழுக்கிறதில்ல, கொலோமா. இப்ப உட்கார்ந்தேனே, அது மாதிரி."

"அப்போ உனக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது ஒரு பெரிய அமைதியான வெறுமை. கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைத்த பதில் அவனிடமும் இல்லை. எங்கே அவள் முடிந்து, எங்கே அவன் ஆரம்பித்தான் என்று யாருக்கும் தெரியாது. அதைவிட மோசமான ஒன்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. சற்று முன்னால் அவளுடைய கைகளில் வலு மிச்சமிருந்தது. அவள் விழவில்லை. ஒரு வார்த்தையைச் சொன்னாள்; வார்த்தை வந்தால் கை விடும் என்று பழகியிருந்ததால் கை விட்டது. அப்படியானால் இத்தனை வருஷமும் அவள் தன்னுடைய முடிவுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை. அங்கே என்ன இருக்கிறதென்றே தெரியாமல், அதற்கு முன்னாலேயே வசதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னொரு தடவை போறியா?" என்று கேட்டான் மசியா. அவளை அவனுக்குத் தெரியும்.

"மத்தியானக் காத்து எழும்பறதுக்கு முன்னாடி."

"நான் வேணும்னா பாதை வரைக்கும் போய் நின்னுக்கவா? பாக்காம?"

அவள் யோசித்தாள். "வேண்டாம். பாரு. ஆனா உட்காராதே."

"உட்கார முடியாதுடி இனிமே," என்றான். "ஒரு வாரத்துக்கு."

*

வேறொரு உலர்ந்த பொடிப் பையைக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை தூண்வரை அவள் வேகமாகப் போனாள். அதைக் கட்டிப் பிடித்து நின்றாள். கீழே பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது: அந்தப் பெரிய விலா எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாளம் பாறை வழியாகக் கைக்கு வந்தது. அல்லது அவளுடைய இதயமாக இருக்கலாம்.

பிதுக்கத்தில் கையை நீட்டினாள். வெறும் பாறை. கால் நழுவத் தொடங்கியது. அந்த வார்த்தை வயிற்றிலிருந்து எழும்பித் தொண்டைக்கு வந்தது. பல்லைக் கடித்தாள். தடுக்க முடியவில்லை.

"பிடிச்சுக்கோ!"

குகை அதை வாங்கி, உருட்டி, திருப்பித் தந்தது. பிடிச்சுக்கோ... ச்சுக்கோ... கோ. அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே இருக்கிறோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கை விடவில்லை. வாய் ஒன்றைச் சொன்னது. கை அதைக் கேட்டது. கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

காலைத் தூக்கி முன்பு வைக்காத ஒரு குழியில் வைத்தாள். இடுப்பைச் சுவரோடு ஒட்டினாள். இடது கை மெதுவாக, தன்பாட்டுக்கு, பிதுக்கத்தைச் சுற்றிப் போய், அங்கே இருந்த ஒரு விளிம்பைக் கண்டுபிடித்தது. கூர்மையான, ஈரமில்லாத, நான்கு விரல் அகல விளிம்பு. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

மேலே போனாள்.

அதற்கப்புறம் அவளுக்குத் தெரியாத இடம். பாறை பற்றி மட்டும் அவள் அப்படி நினைக்கவில்லை. அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. கைகள் சூடாக ஆரம்பித்தன, கால்கள் நடுங்கின, ஆனால் நடுக்கத்தோடும் நிற்க முடிந்தது. அதுவே ஒரு செய்தியாக இருந்தது. யாரும் அவளிடம் சொன்னதில்லை, நடுங்கிக்கொண்டே நிற்கலாமென்று. கூரையின் வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் சிறு சிறு சுண்ணாம்பு விழுதுகள் தொங்கின. சில விரல் தடிமன், சில அவளுடைய கை தடிமன். ஒரு பொந்தில் ஒரு முழங்காலைச் செருகி, ஒரு கையை விட்டுத் தொங்கவிட்டு, மூச்சு வாங்கினாள். அப்போதுதான் தலையைத் திருப்பினாள்.

கடல் முழுக்க அவள் முன்னால் இருந்தது. குகை வாயின் கறுத்த வளைவுக்குள் அது ஒரு தட்டில் வைத்ததுபோல நின்றது. அடிவானத்தில் ஒரு மீன்பிடிப் படகு, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல். அவளைச் சுற்றி, தலைக்கு மேலே, கன்னத்துக்குப் பக்கத்தில், வெளிச்சம் நெளிந்தது. அவளுடைய கைமேலும் நெளிந்தது, கையும் பாறைதான் என்பதுபோல. ஒரு துளி விழுதின் நுனியிலிருந்து பிரிந்து கீழே போனது. அது தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. இந்த ஒரு துளியால் இந்த விழுது எவ்வளவு வளர்ந்திருக்கும்? மனிதர்கள் இந்தத் தீவுக்கு வருவதற்கு முன்னாலிருந்து இது இப்படிச் சொட்டிக்கொண்டிருக்கிறது, பார்க்க யாரும் இல்லாமல். இப்போது இடுப்பில் ஒன்றும் கட்டாத ஒரு பெண் இங்கே தொற்றிக்கொண்டு, வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு அதைப் பார்க்கிறாள். அதற்கு இவள் வந்ததும் தெரியாது, போகப்போவதும் தெரியாது. அந்த நினைப்பு அவளைச் சிறிதாக்கவில்லை. தன்னையும் அதோடு சேர்த்து எண்ணலாம் என்றே பட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. தொங்கவிட்டிருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொலோமா!" தோனினாவின் குரல் எங்கோ கீழேயிருந்து, கேலி எதுவும் இல்லாமல் வந்தது. "மேல் விளிம்பு உன் இடது பக்கம்!"

முழங்காலை விடுவித்தாள். ஒரு விழுதைப் பிடித்தாள். அடுத்ததைப் பிடித்தாள். இப்போது முன்கை கல்லாக இறுகியிருந்தது. விரல்கள் தன்னுடையவை இல்லைபோல இருந்தன. இன்னும் ஒன்று. கால் காற்றில் ஆடியது, திரும்ப வந்து ஒட்டியது. மேல் விளிம்பு தெரிந்தது; அதன்மேல் ஒரு புல் கொத்து வெயிலில் நின்றது. வலது கையை அதை நோக்கி நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள். அதே நேரத்தில் இடது கை விரல்கள் திறப்பதைப் பார்த்தாள். முதலில் சுண்டு விரல். பிறகு மோதிர விரல். அவள் விடவில்லை. யாரும் எதையும் சொல்லவில்லை. வாயில் ஒரு வார்த்தையும் இல்லை. உள்ளே எங்கேயும், எந்த மூலையிலும், ஒரு துளி வலு மிச்சமில்லை. எண்ணெய் தீர்ந்த விளக்குபோல அது தானாக முடிந்தது. வலது கை இன்னும் நீண்டுகொண்டிருக்கும்போதே அவள் விழுந்தாள்.

கால்கள் தாமாகச் சேர்ந்தன. கைகள் உடம்போடு ஒட்டின. நீண்ட விழுகை அது. கூரை முழுவதும் அவளை விட்டுப் போவதைப் பார்க்க நேரம் இருந்தது.

தண்ணீர் திறந்து அவளை உள்ளே விட்டது.

*

மேலே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பெர்னாத்கூட எழுந்து நின்றிருந்தான், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல். மசியா விளிம்பின் நுனியில் நின்றிருந்தான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின.

"அடிபட்டுச்சா?"

"இல்ல."

"கை எங்க விட்டுச்சு? நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஆனா எங்கேன்னு..."

அவளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். மல்லாந்து மிதந்து, காது தண்ணீருக்குள் இருக்க, கூரையை அடியிலிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனாள். தூண். பிதுக்கம். முழங்காலைச் செருகிய பொந்து. அவள் நினைத்த இடத்தில் இல்லை. இன்னும் மேலே. இன்னும். அப்புறம் தெரிந்தது: பழுப்பு விழுதொன்றின்மேல் நான்கு வெள்ளைத் தீற்றல்கள், அவளுடைய விரல்களின் பொடி, மேல் விளிம்புக்கு ஒரு கை தூரத்தில்.

கையைத் தூக்கிச் சுட்டிக் காட்டினாள்.

மசியா அண்ணாந்து பார்த்தான். தேடினான். கண்டுபிடித்ததும் அவன் வாய் சற்றுத் திறந்தது. "அவ்வளவு உயரத்துலயா?" என்றான் மெதுவாக, அவளிடம் அல்ல. "அங்கே என் கயிறு இல்லவே இல்லை."

"இல்லை," என்றாள் அவள்.

தோனினா படியருகில் வந்து குந்தினாள். "மேல வாடி, காத்து எழும்புது. இன்னும் ஒரு கை. அடுத்த ஞாயிறு முடிச்சிடுவே."

கொலோமா மிதந்தபடியே இருந்தாள். முடிக்கலாம், முடிக்காமலும் போகலாம். மேலே அந்த நான்கு தீற்றல்கள் இருந்தன. அவளிடம் இருந்தது எல்லாம் அங்கே முடிந்திருந்தது. அது வெட்கமாகவும் இல்லை, வெற்றியாகவும் இல்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த யாரையோ முதல் தடவை முகம் பார்த்ததுபோல இருந்தது. கூச்சமாக, கண்ணை எடுக்கவும் முடியாமல். முதல் காற்று வந்து தண்ணீரைச் சுருக்கியது. அலை அவளை மெல்லத் தூக்கி இறக்கியது. அவள் கண்ணை இமைக்காமல், அந்தப் பொடி அழிந்துபோவதற்குள், அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.